மிஸ் சொல்லாத சொல்

எங்கள் லாப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"நோர்மலா மிஸ்?"

கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவும் அதைத்தான் கேட்பார். துறைமுகத்தில் வேலை முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வருகிறவரும் அதைத்தான் கேட்பார். சிலர் வாய் திறக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, இரத்தம் சோதிக்கிற மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மிஸ் பேப்பரை அவர்கள் பக்கமாகத் திருப்பி, எண்ணுக்குக் கீழே விரலை வைப்பார்.

"இது உங்கட எண். பக்கத்தில போட்டிருக்கிறது அளவு. உங்கடது அளவுக்குள்ள நிக்குது. டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

"அப்ப நோர்மல்தானே?"

"அளவுக்குள்ள நிக்குது."

வந்தவர் திரும்பி என்னைப் பார்ப்பார். முன்மேசையில் இருந்து ஆட்களின் பெயரை எழுதுவதும் ரிப்போர்ட் ரைப் பண்ணுவதும் என் வேலை. சேர்ந்த புதிதில், மிஸ் குனிந்திருக்கிற நேரமாகப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டிவிடுவேன். அவர்களும் முகம் தெளிந்து போவார்கள். மூன்றாம் நாளே மிஸ் கண்டுபிடித்துவிட்டார்.

"பிள்ளை, தலையாலயும் சொல்லக்கூடாது," என்றார்.

அவரோடு ஆறு வருடம் வேலை செய்தேன். உள்துறைமுகத்துக்கு முதுகு காட்டி நிற்கிற ஒரு பழைய கட்டடத்தின் கீழ்மாடியில் மூன்று அறைகள். முன்னால் நான். நடுவில் இரத்தம் எடுக்கிற கதிரை. பின்னால் மிஸ்ஸின் அறை. அங்கேதான் மெஷின்களும் மைக்ரஸ்கோப்பும் இருந்தன. அவருடைய யன்னலால் பார்த்தால் கிரேன்களின் தலை தெரியும். அதில் ஒன்றை ஓட்டுகிறவர் என் கணவர். மிஸ் வேலைக்கு நடுவில் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்கட ஆள் இண்டைக்குச் சும்மா நிக்கிறார் போல," என்பார். அது அவர் செய்கிற பகிடி. வேறு பகிடி அவரிடம் அதிகம் இருக்கவில்லை.

கலியாணம் கட்டாதவர். வயது ஐம்பதுக்குக் கிட்ட. பாலையூற்றில் ஒரு வீட்டின் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். ஒரே தங்கை மூதூரில் கலியாணம் கட்டியிருந்தார். காலை ஏழரைக்கு மிஸ் குடையோடு வந்து இறங்கும்போது கேற்றடியில் ஊருக்குள் திரிகிற மான்கள் நிற்கும். குப்பை வாளியைக் கவிழ்க்க வருகிறவை. குடையால் ஒரு தட்டுத் தட்டி அவற்றைக் கலைத்துவிட்டு உள்ளே வந்து, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மைக்ரஸ்கோப்பின் மேல் மூடியிருக்கிற பழைய சேலைத்துண்டை எடுத்து மடித்து வைப்பார். அந்த மடிப்பு ஆறு வருடமும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

முதல் நாளே அந்தச் சொல்லில் நான் பிடிபட்டேன். குறிப்பு எழுதுகிற இடத்தில் 'நோர்மல்' என்று ரைப் பண்ணிக் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். முன்பு வேலை செய்த இடத்தில் அப்படித்தான் வழக்கம். மிஸ் பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதை ஆர் சொன்னது?"

"எல்லாம் அளவுக்குள்ளதானே மிஸ் இருக்கு. அதுதான்..."

"அளவுக்குள்ள இருக்கு எண்டு எண்ணே சொல்லுது. மற்றது ஆளைப் பாத்துச் சொல்ற சொல்லு. நாங்க ஆளைப் பாக்கேல்ல. ரெண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைத்தான் பாத்தனாங்கள்." பேப்பரைத் திருப்பித் தந்தார். "அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ."

அகங்காரம் பிடித்த மனிசி என்று அன்று பின்னேரம் வீட்டில் போய்ச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் ஊரெல்லாம் எவ்வளவு கிடக்கிறது என்று என் காதில் விழத் தொடங்கியது. பஸ் நிலையத்தில் நோர்மல் பஸ், ஏசி பஸ். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனால், நோர்மலா சீசரா என்பதுதான் முதல் கேள்வி. தையல் கடையில் நோர்மல் கை, நீட்டுக் கை. பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த பிறகு எல்லோரும் சொன்னார்கள், இப்ப எல்லாம் நோர்மல் என்று. வேலிச் சண்டையில் ஒருவரை மடக்க வேண்டுமென்றால், அவன் நோர்மல் ஆளில்லை என்று ஒரு வசனம் போதும். மிஸ்ஸோடு ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றபோது கொண்டக்டர் கேட்டார், "நோர்மலா அம்மா, ஏசியா?"

"யன்னல் திறக்கிற பஸ்," என்றார் மிஸ்.

கொண்டக்டர் சிரித்துவிட்டார். மிஸ் சிரிக்கவில்லை.

இரசாயனப் போத்தல்களுக்குப் பக்கத்தில் அவர் ஒரு ஆங்கில அகராதி வைத்திருந்தார். மட்டை கழன்று, அசிட் பட்டு ஒரு மூலை பழுப்பாகிப்போன புத்தகம். ஒரு மழை நாள், ஆட்கள் இல்லாத நேரம், நானே கேட்டேன். "அந்தச் சொல்லில என்ன மிஸ் அப்பிடிக் கோபம்?"

அவர் அகராதியை எடுத்து விரித்து என் முன்னால் வைத்தார். பழைய லத்தீன் மொழியில் அது தச்சர்கள் மூலை பார்க்கிற மட்டத்தின் பெயரிலிருந்து வந்ததாம். பலகை நேராக இருக்கிறதா, மூலை சரியாக நிற்கிறதா என்று வைத்துப் பார்க்கிற மூலைமட்டம்.

"பலகைக்கு அது நல்ல சாமான்," என்றார் மிஸ். "கோபம் ஒண்டுமில்ல பிள்ளை. எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான்."

எல்லோருக்கும் அது அவ்வளவுதானாக இருக்கவில்லை. மூதூரிலிருந்து வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வயதிருக்கும். வயல் செய்கிறவர். வெளிநாட்டில் சாரதி வேலை கிடைத்து, அதற்கான மருத்துவச் சோதனைக்கு மனைவியோடு வந்திருந்தார். எல்லாம் சரியாக வந்தது. ஈரல் பார்க்கிற இரண்டு எண்கள் மட்டும் அளவுக்கு மேலே நின்றன. வெகு தூரம் மேலே இல்லை. ஆனால் மேலே.

"நான் ஒரு நாளும் குடிச்சவனில்ல மிஸ். சிகரட்டும் இல்ல," என்றார் அவர். "ஈரலுக்கு என்ன வாற?"

மிஸ் எழுதுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டார், "நேத்து என்ன வேலை செஞ்சீங்க?"

"வயல் வெட்டு முடிஞ்சுதுதானே. நெல்லு மூட்டை ஏத்தின. ரெண்டு நாளா."

"அப்ப அதாலயும் இருக்கலாம். தசை கடுமையா வேலை செஞ்சா இந்த எண் ஏறும். ஒரு கிழமைக்குப் பாரம் தூக்காம இருந்துபோட்டு வாங்கோ. திரும்பப் பாப்பம்."

"ஒரு கிழமையா? வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் குடுக்கோணும் மிஸ்."

அதுவரை சுவரோடு நின்ற மனைவி முன்னால் வந்தார். "நீங்களே சொல்லுறீங்க, மூட்டை தூக்கினதாலதான் எண்டு. அப்ப நோர்மல் எண்டு ஒரு சொல்லப் போட்டுத் தாங்களேன்."

"இருக்கலாம் எண்டுதான் சொன்னனான். எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"ஒரு சொல்லு மிஸ்! எழுதினா உங்கட கை தேஞ்சா போயிரும்?"

மிஸ் எண்களை அப்படியே எழுதி, கையெழுத்து வைத்து, கீழே தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அதே இரத்த மாதிரியை இன்னொரு தரம் மெஷினில் போட்டுப் பார்த்தார். அதே எண்கள்தான் வந்தன. மத்தியானம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை.

சரியாக ஒரு கிழமை கழித்து அந்த மனிதர் தனியாக வந்தார். இரண்டு எண்களும் இறங்கி அளவுக்குள் வந்திருந்தன. மிஸ்ஸின் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. ரிப்போர்ட்டைத் தானே கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்த வேலை வேற ஆளுக்குப் போயிற்று மிஸ்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலைந்து மாதம் கழித்து அவர் வேறொரு வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய மனைவியைப் பிறகு ஒருநாள் சந்தையில் கண்டு சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மிஸ்ஸிடம் கேட்டேன், "எழுதிக் குடுத்திருக்கலாம் எண்டு இப்ப நினைக்கிறீங்களா?"

"ஒவ்வொரு நாளும் நினைக்கிறன்," என்றார். "ஆனா திரும்ப வந்தா திரும்பவும் எழுத மாட்டன்."

அந்த வருடம்தான் என் மகளுக்கு மூன்றரை வயது. அவள் கதைக்கவில்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரு சொல் இல்லை. சிரிப்பாள், கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள், கோபம் வந்தால் கத்துவாள். கணவர் சொன்னார், சில பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும், அவள் நோர்மல்தான் என்று. மச்சாள் சொன்னார், அவருடைய வீட்டுக்காரரும் ஐந்து வயதில்தான் வாய் திறந்தவராம், பிறகு மூட ஏலாமல் போனதாம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். இரவில் அவள் தூங்கிய பிறகு அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஏன் தூங்குகிற பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவளைப் பார்க்கிற அயல் வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததால், ஒருநாள் அவளை லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் தன் அறையில் ஒரு முக்காலியைப் போட்டு, பழைய ரிப்போர்ட் பேப்பர்களின் பின்பக்கத்தில் கீறக் கொடுத்தார். அன்று முழுக்க மிஸ் வழக்கத்தைவிடக் கதை குறைவாக இருந்தார். பத்து மணியளவில் துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல் ஊதியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முன்னால் ஒரு தாயின் மடியில் இருந்த குழந்தை பயந்து வீரிட்டு அழுதது. நான் வேலையில் இருந்தேன். மிஸ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னேரம் ஆட்கள் குறைந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். மகள் தரையில் இருந்து மீன் கீறிக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ, அவர் வாய் திறக்க முதல் நானே கேட்டேன். "மிஸ், இவளைக் காலமையிலயிருந்து பாக்கிறீங்கள்தானே. இவள் நோர்மல்தானே?"

ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். மிஸ் பேனையை மூடி வைத்தார்.

"இரத்தம் சுத்துற மெஷின் இருக்குதுதானே, அது நிக்கேக்க ஒரு சத்தம் போடும். இண்டைக்கு ஏழு தரம் போட்டது. மேசையில கை வச்சுக்கொண்டு நிண்ட ரெண்டு தரமும் பிள்ளை திரும்பிப் பாத்தவ. மேசை அதிர்றது கையில பட்டிருக்கும். கை வைக்காத அஞ்சு தரமும் பாக்கேல்ல. கப்பல் ஊதினதுக்கும் பாக்கேல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "இவவுக்குக் கேக்குதில்ல எண்டு நினைக்கிறன் பிள்ளை. காதைக் காட்டுங்கோ. சுணங்க வேண்டாம்."

நான் மகளைத் தூக்கினேன். அவள் கையிலிருந்த பென்சில் விழுந்து உருண்டது.

"நீங்க லாப் மிஸ். டொக்டர் இல்ல," என்றேன்.

"ஓம்," என்றார்.

"பிள்ளை பெறாத ஆக்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

இந்த வசனத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னேன். அவர் அதற்கும் "ஓம்" என்றுதான் சொன்னார்.

பதினொரு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைப்பேன், எடுத்துக்கொண்டு வருவேன். சாப்பாட்டை என் மேசையிலேயே சாப்பிட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மகளுக்குப் பின்னால் நின்று ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்தேன். கை தட்டினேன். கரண்டியால் மூடியில் அடித்தேன். பதினோராம் நாள் குசினியில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். விசில் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஆசுபத்திரிக்குப் போனேன்.

பெரிய சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அவளைத் தூங்க வைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். ரிப்போர்ட் கையில் வந்ததும் நான் முதலில் தேடியது கீழ் வரியைத்தான். ரைப் பண்ணுகிறவளுக்கு எது எங்கே இருக்கும் என்று தெரியும். 'அப்நோர்மல்' என்று இருந்தது. இரண்டு காதுக்கும்.

அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். கடைசி வரியில் அவர் கண் நிற்கவேயில்லை.

"தொண்ணூறு டெசிபெல். வலது பக்கம் எண்பத்தஞ்சு," என்றார். "கொஞ்சம் மிச்சம் இருக்கு. காதில மெஷின் போட்டாக் கதை கேக்கும்."

"என்ட பிள்ளை நோர்மல் இல்ல எண்டு எழுதிட்டினம் மிஸ்," என்று நான் அழுதேன்.

அவர் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில், நான் இருந்த கதிரையின் கையில், கோணலாக இருந்தார். "அந்த அளவு எப்பிடி வாறது எண்டு தெரியுமா? சுகமான நூறு பேரைப் பிடிச்சு, வரிசையா நிப்பாட்டி, இந்தக் கரையில ரெண்டு மூண்டு பேரையும் அந்தக் கரையில ரெண்டு மூண்டு பேரையும் வெட்டிப்போட்டு, நடுவில நிக்கிற ஆக்களுக்கு வைக்கிற பேர்தான் அது. வெட்டுப்பட்ட ஆக்களும் சுகமான ஆக்கள்தான் பிள்ளை. இருபது வருசமா அந்தக் கோட்டை நான் கீறிக்கொண்டிருக்கிறன். கோட்டுக்கு அங்கால ஒருதரும் விழுந்துபோறதில்ல."

உண்மையைச் சொன்னால், அந்தக் கணக்கு அன்று எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என் பிள்ளையின் காது ஒரு கோட்டுக் கணக்கு அல்ல என்றுதான் நினைத்தேன். ஆறுதல் வந்தது பிறகு, வேறு விதமாக. காதில் மெஷின் போட்டு மகளை லாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மிஸ் தன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, முழங்காலில் நின்று, அவள் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, மிக மெதுவாக, "மீன்," என்றார். பேப்பரில் இருந்த மீனைக் காட்டினார். அப்படி எத்தனை கிழமை செய்தார் என்று எனக்குக் கணக்கில்லை. மகள் முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை. மீன்.

அந்தப் பதினொரு நாளைப் பற்றியோ, நான் சொன்ன அந்த வசனத்தைப் பற்றியோ மிஸ் ஒருபோதும் கதைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போன ஒவ்வொரு தரமும் அவருக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

ஆறாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அளவு தெரிந்த ஒரு இரத்த மாதிரியைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று அது கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. மிஸ் தன் கையில் தானே ஊசி குத்தி இரத்தம் எடுத்து மெஷினில் போட்டார். முந்தியும் இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்திருக்கிறார். மெஷின் ஒரு நீளமான சத்தம் போட்டது. எண் ஏதாவது கடுமையாகப் பிசகினால் போடுகிற சத்தம். திரும்பப் போட்டார். திரும்பவும் அதே சத்தம். மூன்றாம் தரத்துக்குப் பிறகு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுத்து, நிறமேற்றி, மைக்ரஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். நான் மூன்று பேரின் பெயரை எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதும் அவர் நிமிரவில்லை.

"ஆரிட இரத்தம் மிஸ் அது? ரைப் பண்ணவா?"

"வேண்டாம். என்ட இரத்தம்தான். மெஷினைப் பாக்கப் போட்டனான்."

"எப்பிடி இருக்கு?"

"நோர்மல்," என்றார்.

சொல்லிவிட்டுப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டத் தொடங்கினார்.

வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பெட்டி கழுவப் போனதும் உள்ளே போய் மெஷினின் நினைவில் இருந்த கடைசி எண்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு வருடமாக ரைப் பண்ணியதில் அளவுகள் எனக்கு மனப்பாடம். இரத்தத்தில் வெள்ளைக் கலங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், பதினொன்றுக்குள் நிற்க வேண்டும். அதில் நூற்று நாற்பத்திரண்டு என்று நின்றது. மூன்று தரமும்.

நான் திரும்பியபோது மிஸ் வாசலில் நின்றார். ஈரப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க நோர்மல் எண்டு சொன்னீங்கள்," என்றேன்.

"ஓம்."

"ஏன் மிஸ்?"

அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு இருந்தார். "சொல்லிப் பாத்தன் பிள்ளை. எப்பிடி இருக்கும் எண்டு."

"எப்பிடி இருந்தது?"

"அஞ்சு நிமிசம் நல்லா இருந்தது," என்றார் மிஸ்.

இரத்தப் புற்றுநோய் என்று அவரே எனக்குச் சொன்னார். அவர் படித்த காலத்துப் புத்தகத்தில் அதற்கு மூன்று நாலு வருட ஆயுள்தான் போட்டிருந்ததாம். ஒருவரிடமும் சொல்லப் போவதில்லை என்றார். தங்கையின் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடச் சோதனை எடுக்கப் போகிறார்கள், அது முடியட்டும் என்றார். தைப்பொங்கல் வரட்டும் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். லாப்புக்கு வருகிற சனம் சொல்கிற அதே சாட்டுப்போக்குகள். நான் அவருடைய போனைக் கையிலிருந்து வாங்கினேன்.

"மிஸ், உங்கட தங்கச்சிக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"பிள்ளை, கொஞ்சம் பொறுங்கோ."

"சுணங்க வேண்டாம் எண்டு எனக்குச் சொன்ன ஆள் நீங்கதானே."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். நான் எண்ணை அழுத்தினேன். மூதூரில் மணி அடித்தது.

கொழும்பில் அவரைப் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். மிஸ் தன் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னதும் சிரித்து, புத்தகம் பழசு என்றாராம். இந்த வகைக்கு இப்போது குளிசை இருக்கிறது, ஒவ்வொரு நாளும் போட வேண்டும், பெரும்பாலான ஆட்களுக்கு வேலை செய்கிறது என்றாராம். மிஸ் அதை எனக்குத் திருப்பிச் சொல்லும்போது 'பெரும்பாலான' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.

பாலையூற்று அறையைக் காலி பண்ணி மூதூருக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். லாப்புக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தார். கெட்டிக்காரர், வாய் நிறையக் கதைப்பவர். மிஸ் மாதத்துக்கு ஒரு தரம் பஸ்ஸில் வந்து எங்கள் லாப்பிலேயே இரத்தம் கொடுத்தார். "உங்கட மெஷினோட எனக்குப் பழக்கம்," என்பார். குளிசை ஒத்துக்கொள்ளாமல் கால் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழேயும் வீக்கம். முதல் மாதம் எண் பாதியாக இறங்கியது. இரண்டாம் மாதம் இன்னும் கொஞ்சம். இரண்டு தரமும் முடிவு வரும்வரை என் மேசைக்கு முன்னால் மற்ற நோயாளிகளோடு இருந்து பார்த்துக்கொண்டுதான் போனார். மூன்றாம் மாதம் இரத்தம் கொடுத்த உடனே குடையை எடுத்தார்.

"இண்டைக்கு இருந்து பாக்க ஏலாது பிள்ளை. போன் எடுத்துச் சொல்லுங்கோ."

"பயமா மிஸ்?"

"ஓம்," என்றார். போய்விட்டார்.

பின்னேரம் மூன்றரைக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார்.

"வெள்ளைக் கலங்கள் ஏழு தசம் எட்டு," என்றேன்.

அந்தப் பக்கம் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"ஏழு தசம் எட்டு மிஸ்."

"மீன் கருகுது, வைக்கிறன்," என்றார். வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் கழித்து அவரே எடுத்தார். இப்போது பின்னால் சத்தம் இல்லை. வீட்டுக்கு வெளியே எங்கேயோ வந்து நின்றிருக்க வேண்டும். காற்று மட்டும் போனில் அடித்தது.

"பிள்ளை, முழு ரிப்போர்ட்டையும் வாசியுங்கோ. மேலயிருந்து."

நான் அவருடைய பெயரிலிருந்து தொடங்கினேன். வயது. திகதி. மாதிரி எடுத்த நேரம். வெள்ளைக் கலங்கள் என்ற வரிக்கு வந்து அந்த எண்ணை மூன்றாம் தரமாக வாசித்தபோது அந்தப் பக்கத்தில் அவர் அழத் தொடங்கிவிட்டார். ஆறு வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. வாசிப்பை நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றார்.

முன்னால் இரண்டு பேர் தங்கள் ரிப்போர்ட்டுக்காக வந்து நின்றார்கள். கையைக் காட்டி அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, பேப்பரை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, அடுத்த வரியை வாசித்தேன்.